சட்டத்தின் புறனடை

அரசாங்கத்துக்கு மூன்று உறுப்புகள். சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகம் நிறைவேற்றும், நீதிமன்றம் விளக்கும். ஒன்று வரம்பு மீறினால் மற்றது பிடித்து இழுக்கும். 1787இல் அமெரிக்காவில் எழுதிவைத்த இந்த ஏற்பாட்டைத்தான், கொஞ்சம் இங்கிலாந்தைக் கலந்து, நம் குடிமையியல் புத்தகமும் பாடம் நடத்துகிறது. எடமலைப்பட்டி புதூரில் சாயங்கால வகுப்புக்கு வருகிற, குரூப் தேர்வு எழுதப்போகிற எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நானும் இதைத்தான் சொல்லித் தருகிறேன். மார்க் வாங்க இது போதும். நம்ம சனம் இந்த அரசாங்கத்திடம் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு சாகிறது என்று தெரிந்துகொள்ள இது போதாது. அந்தப் பாடத்தின் மீதான விமர்சனமாகவே இதை எழுதுகிறேன்.

நான் படித்தது எம்.ஏ. தமிழ். சட்டம் படித்தவனில்லை. ஆனால் இலக்கணம் படித்தவனுக்குச் சட்டத்தை வாசிக்க ஒரு வழி உண்டு. நூற்பா விதியைச் சொல்லும். உரைகாரன் பொருள் சொல்லுவான். இயல் முடிகிற இடத்தில் புறனடை என்று ஒன்று வரும். விதிக்குள் அடங்காமல் வெளியே நின்றதையெல்லாம் அது உள்ளே அனுமதிக்கும். பரீட்சைக்கு நூற்பாவை மனப்பாடம் செய்வோம், புறனடையைத் தள்ளிவிடுவோம். சட்டத்தையும் அப்படித்தான் நமக்குக் கற்பிக்கிறார்கள். அதிகாரம் குடியிருப்பதோ புறனடையில்.

பாடத்தின் தாய்வீட்டிலேயே பார்ப்போம். அமெரிக்காவில் 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. அதே வாக்கியத்துக்குள் ஒரு ‘தவிர’ இருக்கிறது: குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர. அந்தச் சந்து வழியாகத் தென்மாநிலங்கள் கறுப்பு மக்களை அற்பக் குற்றங்களுக்குப் பிடித்து, கைதிகளாக்கி, தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டன. 1870இல் 15ஆம் திருத்தம், நிறம் பார்த்து ஓட்டை மறுக்கக் கூடாது என்றது. எழுத்தறிவுச் சோதனை, தலைவரி என்று பதிவு அலுவலக மேசையிலேயே அதை மடக்கிவிட்டார்கள். வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965இல். இடைப்பட்ட 95 வருஷமும் மூன்று உறுப்புகளும் அங்கே இருக்கத்தான் செய்தன.

இப்போது நம்ம பிரதிக்கு வருவோம். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடைசெய்யும் முதல் மத்தியச் சட்டம் 1993இல் வந்தது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்பதால், சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டு, அதன்பேரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இது. மற்ற மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம். இயற்றியது 1993, நடைமுறைக்கு வந்தது 1997 ஜனவரி 26. நடுவில் போன வருஷங்களில் வாளியும் தகரமும் சும்மாவா கிடந்தன?

அதன் 17ஆம் பிரிவு நிர்வாக அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் யார் மீதும் வழக்குப் போட முடியாது என்கிறது. கலெக்டரோ சப் கலெக்டரோதான் அந்த அதிகாரி. உலர் கக்கூசை வைத்து ஆள்போட்டு அள்ளவைத்ததில் உள்ளாட்சிகளும் உண்டு. அப்படியானால் அரசாங்கத்தின் ஒரு கை செய்கிற குற்றத்தை விசாரிக்க இன்னொரு கை கையெழுத்துப் போட வேண்டும். பாடத்தில் சொன்ன கட்டுப்பாடு எங்கே போயிற்று?

2003இல் சபாய் கர்மசாரி அந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2013 டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. தண்டனை கூடியது, குற்றம் பிணையில் விட முடியாததானது. திறந்த சாக்கடை, குழி, ரயில் தண்டவாளம் எல்லாம் வரையறைக்குள் வந்தன. போராடிப் பெற்றது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரையறைக்குக் கீழேயே ஒரு ‘விளக்கம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது: மத்திய அரசு அறிவிக்கும் கருவியோடும் பாதுகாப்பு உடையோடும் மலம் அள்ளுகிறவர், மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார்.

தண்டவாளத்தில் ஆள் வைத்தது யார்? ரயில்வே. ரயில்வே யாருடையது? மத்திய அரசுடையது. எந்தக் கருவி கொடுத்தால் வரையறையிலிருந்து தப்பலாம் என்று அறிவிப்பது யார்? அதே மத்திய அரசு. துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு இந்தப் பிரிவை வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, “அப்ப கிளவுசு மாட்டிக்கிட்டா பீ சந்தனமாயிருமா தம்பி?” என்றார். இதைவிட நல்ல உரையை எந்த உரையாசிரியரும் எழுத முடியாது.

இன்னொரு பிரிவும் உண்டு. 21ஆம் பிரிவின்படி, இந்தக் குற்றங்களை விசாரிக்க, வருவாய்த்துறை அதிகாரியாக இருக்கும் நிர்வாக நடுவருக்கே முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரத்தை மாநில அரசு கொடுக்கலாம். நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 50ஆவது உறுப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. நமக்கான சட்டம் என்று வரும்போது மட்டும் தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் சாக்கடை மரணத்துக்கான தொகையை 30 லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது. தொகை ஏற வேண்டிய நிலைமை இருக்கிறது என்பதுதான் அதற்குள் இருக்கும் செய்தி. பல நகரங்களில் துப்புரவு வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. மூன்று உறுப்புகளின் படத்தில் அந்த ஒப்பந்தக்காரருக்குக் கட்டமே கிடையாது. ஆள் செத்தால் ‘எங்க ஆளு இல்ல’ என்று சொல்வதற்காகவே அவர் நடுவில் நிற்கிறார்.

இதையெல்லாம் முன்னாலேயே பார்த்தவர் அம்பேத்கர். 1947இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்புக்காக எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில், அமெரிக்க மாதிரியை ஒட்டி, இடையில் கவிழ்க்க முடியாத நிர்வாகத்தைக் கேட்டார். அதில் சிறுபான்மையினரின் பிரதிநிதியை அந்தந்தச் சிறுபான்மை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். பெரும்பான்மை என்பது இந்த நாட்டில் சாதியால் பிறந்த பெரும்பான்மை என்பதே அவர் கவலை. அந்தத் திட்டம் ஏற்கப்படவில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியலமைப்பின் வடிவத்தைத் தொடாமல் நிர்வாகத்தின் வடிவத்தை மாற்றியே அதைச் சீரழித்துவிட முடியும் என்று எச்சரித்தார். நிர்வாக விவரங்களையும் அரசியலமைப்புக்குள் எழுதிவைத்ததற்கு அவர் சொன்ன நியாயம் அது. அவருக்கு ஊருக்கு ஊர் சிலை வைத்திருக்கிற நாம் இந்த எச்சரிக்கையைப் படித்தோமா? சட்டம் கேட்டுத் தெருவுக்கு வருகிறோம். சட்டம் வந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். விதிகள் எழுதும் அறையிலும், அரசாணை தயாராகும் மேசையிலும், டெண்டர் திறக்கும் இடத்திலும் நம்ம ஆள் இல்லை.

பிள்ளைகளுக்கு இனி நான்கு கேள்விகள் சேர்த்துச் சொல்லித் தரலாம் என்றிருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டியவன் யார்? ‘தவிர’ என்று விடப்பட்டவன் யார்? விசாரிப்பவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான்? செத்தவன் யாருடைய ஆள் என்று எந்தக் காகிதத்தில் இருக்கிறது? குரூப் தேர்வில் இதற்கு மார்க் கிடையாது. ஆனால் இவர்களில் நாலு பேர் நாளைக்கு அந்த மேசைக்குப் பின்னால் உட்காருவார்கள். புறனடையை வாசிக்கத் தெரிந்து உட்காரட்டும்.