நாடிழந்த நடிகை: ஷோரே அக்தாஷ்லூ அம்மையாரின் நடிப்புக் கலை

நடிகை ஒருவரின் கலையை மதிப்பிடப் புகுவோர், அவர் தாங்கிய வேடம் நல்லதா தீயதா என்பதையே முதற்கண் வினவுதல் நம்மவரிடை வழக்கமாயிருக்கின்றது. கற்பரசியாக நடித்தவர் கைகூப்பி வணங்கப்படுகின்றார். வஞ்சகியாக நடித்தவர் வீதியில் வசைமொழி கேட்கின்றார். வேடத்தையும் வேடந் தாங்கியவரையும் பிரித்தறியாத இவ்வழக்கம், நடிகை ஒரு சிறுபான்மை இனத்தவராயின் இன்னுங் கடுமை பெறுகின்றது. தம் இனத்தார் அனைவருடைய மானத்தையும் தலைமேற் சுமந்துகொண்டே அவர் மேடையேற வேண்டுமென எதிர்பார்க்கப்படுகின்றது. இவ்வெதிர்பார்ப்பு நியாயமானதா? ஈரானிற் பிறந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்புகழ் எய்திய ஷோரே அக்தாஷ்லூ அம்மையாரின் வாழ்வையும் கலையையும் ஆராய்வார்க்கு இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

தெஹ்ரானில் கற்ற பாடம்

இவ்வம்மையார் 1952 ஆம் ஆண்டு மே மாதம் தெஹ்ரான் நகரிற் பிறந்தவர். இளமையிலேயே அந்நகரத்து நாடகப் பட்டறையிற் சேர்ந்து பயின்றார். ஓவியர் ஐதீன் அக்தாஷ்லூ என்பாரை மணந்தார். அம்மணம் பின்னர் முறிந்ததாயினும் அப்பெயரையே உலகம் அவர் பெயராக அறிந்திருக்கின்றது.

1976 இல் முகம்மது ரெசா அஸ்லானி இயற்றிய 'காற்றின் சதுரங்கம்' என்னும் படத்தில் அவர் ஒரு பணிப்பெண்ணாகத் தோன்றினார். சொத்துக்காக ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளும் பிரபுக் குடும்பத்தின் கதை அது. புரட்சிக்குப் பின் அப்படம் தடை செய்யப்பட்டுக் காணாமற் போயிற்று. நெடுங்காலங் கழித்து, 2014 இல், தெஹ்ரானில் பழம்பொருள் விற்கும் கடையொன்றில் அதன் சுருள்களை இயக்குநரின் மகன் கண்டெடுத்தார். 2020 இல் அது புதுப்பிக்கப்பட்டு உலகிற்கு மீண்டது.

1977 இல் வெளிவந்த 'அறிக்கை' என்னும் படம் இன்னுங் குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற அப்பாஸ் கியாரோஸ்தமி இயற்றியது அது. வரி வசூலிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவன் மீது கைக்கூலி வாங்கினானென்று பழி வருகின்றது. வீட்டிலோ மனைவியோடு ஓயாத பூசல். அம்மனைவியாக நடித்தவர் நம் அம்மையார். கிராணி வேலையிற் கணக்கேடு புரட்டும் எனக்கு அப்படத்தின் உண்மை நன்கு விளங்கும். அலுவலகத்தில் வாய்திறக்க அஞ்சுபவன் அவ்வச்சத்திற்கெல்லாம் ஈடாக மனைவிமேல் உரத்துப் பேசுகின்றான். அவளோ இறுதியில் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்து மருத்துவமனையிற் கிடத்தப்படுகின்றாள். அழுகையும் அலறலும் மிகுந்திருக்கக்கூடிய இவ்வேடத்தை அம்மையார் சலிப்பினாலேயே நிரப்பினார். வீட்டிற்குள் அடைபட்ட பெண்ணின் சினத்தை அடக்கிய குரலிற் காட்டும் வித்தை அவருக்கு அப்போதே கைவந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் தாங்கிய தாய்மார் வேடங்களுக்கெல்லாம் வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

மொழி இழந்த நடிகை

1979 இல் ஈரானிற் புரட்சி மூண்டது. அவ்வாண்டிலேயே அம்மையார் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே புரூனல் பல்கலைக்கழகத்திற் சர்வதேச உறவுகள் பற்றிய கல்வி பயின்று பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிற் குடியேறி, 1987 இல் நாடகாசிரியர் ஹூஷங் தூசியை மணந்தார். கணவர் எழுதிய பாரசீக நாடகங்களில் நடித்து, சிதறிக்கிடந்த தம் மக்கள் வாழும் ஊர்தோறுஞ் சென்றார்.

ஓவியன் நாடு கடந்தால் தூரிகை உடன்செல்லும். இசைவாணன் கடந்தால் யாழ் உடன்செல்லும். நடிகையின் கருவியோ மொழி. அது எல்லையைக் கடந்த மாத்திரத்திற் பாதி செல்லாக்காசாகிவிடுகின்றது. பாரசீகத்திற் கதாநாயகியாய் விளங்கியவர் ஆங்கிலத்திற் சிறு வேடங்களோடு அமைதி கொள்ள நேர்ந்தது. நாடு நீங்கி ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே, தம் ஐம்பத்தொன்றாம் வயதில், அவருக்குத் தக்க வேடம் ஒன்று கிட்டிற்று.

அது 2003 இல் வந்த 'மணலும் மூடுபனியும் சூழ்ந்த வீடு' என்னும் திரைப்படம். ஈரானியப் படையில் உயர்பதவி வகித்த பெஹ்ரானி என்பவர் அமெரிக்காவிற் சாலைவேலை செய்து பிழைக்கின்றார். வரிப் பாக்கியென்று தவறாகப் பறிமுதல் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் வீட்டை அவர் ஏலத்தில் எடுக்க, அதிலிருந்து இரு தரப்பாரும் அழிகின்றனர். பெஹ்ரானியின் மனைவி நாதி வேடம் அம்மையாருடையது. நாதிக்கு ஆங்கிலம் சரிவர வாராது. நாடு கடத்தப்படுவோமோ என்னும் அச்சம் அவளை விட்டு நீங்குவதில்லை. ஆயினும் வீட்டை இழந்த அப்பெண் உயிர்விடத் துணிந்து தன் வாயிலில் வந்து விழும்போது, எதிரியென்று எண்ணாது அவளுக்குப் பணிவிடை செய்கின்றாள். தெரியாத மொழியில் ஒரு சொல்லைத் தேடி, கிடையாமையால் கையினாலும் கண்ணினாலும் அன்பைச் சொல்லும் அக்காட்சியில், நாடிழந்தாரின் நிலை முழுவதும் அடங்கியிருக்கின்றது. மொழியில்லாமையை அவர் கருவியாகவே மாற்றிக்கொண்டார்.

மகன் போலீசாரின் குண்டிற்கு இரையானபின், கணவன் மருந்தை மிகையாகக் கலந்து தேநீர் கொடுக்க, நாதி அதனை அருந்தி உயிர்விடுகின்றாள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய இரு நகரத்து விமர்சகர் சங்கங்களும் அம்மையாருக்குச் சிறந்த துணைநடிகைப் பரிசு வழங்கின. ஆஸ்கார் பரிசிற்கும் அவர் பெயர் முன்மொழியப்பெற்றது. ஈரானியப் பெண்மணி ஒருவர்க்கு அச்சிறப்பு அதுவே முதன்முறை.

நஞ்சு கலந்த தேநீர்

இனி, கண்டனத்திற்கு உள்ளான வேடத்திற்கு வருவோம். 2005 சனவரியில், '24' என்னும் தொலைக்காட்சித் தொடரின் நான்காம் பருவம் தொடங்கிற்று. நியூயார்க் கோபுரங்கள் தகர்ந்து நான்காண்டு நிரம்பவில்லை. ஈராக்கிற் போர் நடந்துகொண்டிருந்தது. இத்தொடரில் அம்மையார் தீனா அராஸ் என்னும் பெண்ணாகத் தோன்றினார். கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகன், நாகரிகமான வீடு, காலைச் சிற்றுண்டி. அயலார் போல வாழும் இக்குடும்பமே வெடிகுண்டுச் சதியின் கருவியென்று பின்னர் புலப்படுகின்றது. மகனைத் தேடி வந்த அமெரிக்கப் பெண்ணுக்குத் தீனா நஞ்சு கலந்த தேநீர் கொடுத்துக் கொல்லுகின்றாள்.

நாதியின் மகனாக நடித்த ஜோனதன் அஹ்தூத் என்னும் இளைஞரே தீனாவின் மகனாகவும் நடித்தார். அதே தாய், அதே மகன், அதே தேநீர். முன்னைய கதையில் அத்தேநீரால் மாண்டவள், பின்னைய கதையில் அதனாற் கொல்லுகின்றாள்!

அமெரிக்க முஸ்லிம் மன்றத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். தொடரை ஒளிபரப்பிய நிறுவனம், எல்லா முஸ்லிம்களையும் இவ்வாறு கருதலாகாதென்று கதாநாயகராகிய கீபர் சதர்லாந்தின் வாயினாலேயே நேயர்க்குக் கூறுவிக்க நேர்ந்தது. ஈரானியருட் பலரும் அம்மையாரைக் குறைகூறினர்.

இக்கண்டனத்தில் உண்மை உண்டென்பதே நம் கருத்து. ஓர் இனத்தாருட் கொலைகாரனொருவன் இருப்பதாகக் கதை எழுதுவது குற்றமன்று, எவ்வினத்திற்றான் இல்லை? ஆனால் இத்தொடர் சந்தேகத்தை அடுக்களைக்குள் கொண்டுபோய் வைத்தது. விருந்தோம்பும் கையையும், தாய் பரிமாறும் தேநீரையும் ஐயுறும்படி செய்தது. இதைக் கண்டபின் அடுத்த வீட்டு மாற்றினத்தானின் சிரிப்பையும் ஒருவன் நம்பமாட்டான். இத்தீங்கு சிறிதன்று.

எனினும், அத்தீங்கின் பங்கை யார்யார் தலையிற் கட்டுவது? கதையை வகுத்தவர்கள் உண்டு. பணம் போட்டவர்கள் உண்டு. அதனை வாரந்தோறும் விற்றவர்கள் உண்டு. அவர்களையெல்லாம் விடுத்து, நடித்தவளை மாத்திரம் பிடித்துக்கொள்வது எளியாரை அடிக்கும் வழக்கமேயாகும். அன்றியும், அம்மையார் அவ்வேடத்திற் செய்ததைக் காண மறுத்தலும் நேர்மையாகாது. மகனையே கொல்லக் கணவன் துணிந்தானென அறிந்ததும் தீனா மகன் பக்கம் நிற்கின்றாள். கொள்கையும் தாய்மையும் ஒரே முகத்தில் மோதுவதை அவர் உரத்த சொல் ஒன்றுமின்றிக் காட்டினார். எழுதியவர்கள் அவளை எச்சரிக்கைப் பலகையாக எழுதினர். நடித்தவர் அவளை மனிதப் பிறவியாக்கினார். இதனால் தொடரின் பழி நீங்கிவிடாது. நடிகையின் கடன் மாத்திரம் நிறைவேறிற்று.

சதாமின் மனைவி

2008 இல் வந்த 'சதாமின் வீடு' என்னும் நான்கு பகுதி நாடகம் இதனை மேலும் விளக்கும். ஈராக்கிய அதிபர் சதாம் உசேனின் மனைவி சாஜிதாவாக அம்மையார் நடித்தார். 1980 முதல் 1988 வரை ஈரானோடு போர் புரிந்தவர் சதாம். அவர் மனைவியின் வேடத்தை ஈரானியப் பெண்மணி தாங்கினார்; சதாமாக நடித்தவரோ இகால் நாவோர் என்னும் இஸ்ரேலியர். பகைவரின் உள்ளத்துட் புகுந்து பார்ப்பதே நடிப்பென்றால், இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? கொடுங்கோலனின் செல்வத்திற் பங்குகொண்டு, பின்பு தன் பெண்மக்களின் கணவர் இருவரும் 1996 இற் கொலையுண்ணக் கண்ட பெண்ணுக்கு அவர் இரக்கத்தை இரந்து பெறவுமில்லை, மறுக்கவுமில்லை. இதற்காக 2009 இல் எம்மி பரிசு பெற்றார்.

அதே 2008 இல், 'சொராயாவின் கல்லெறி தண்டனை' என்னும் படத்தில், பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட பெண்ணின் கதையை அயலூர்ப் பத்திரிகையாளனிடம் சொல்லியே தீருவேனென நிற்கும் ஸஹ்ரா என்னும் சிற்றன்னையாகவும் நடித்தார். தாய்நாட்டின் கொடுமையை எடுத்துச் சொல்லுதல் தாய்நாட்டை இழிவுபடுத்துவதாகுமா என்னும் வினாவும் அப்போது எழுந்தது. இழிவு கல்லெறிந்தவர்க்கேயன்றி, கண்டதைச் சொன்னவளுக்கு எவ்வாறு ஆகும்?

சேலையுடுத்த ஆட்சித்தலைவி

2015 இறுதியில் 'விரிவெளி' என்னும் தொடர் தொடங்கி, 2022 சனவரி வரை ஆறு பருவங்கள் நடந்தது. வருங்கால நூற்றாண்டுகளில், மண்ணுலகும் செவ்வாயும் விண்கற்களில் வாழும் உழைப்பாளரும் பூசலிடும் கதை. மண்ணுலக ஆட்சியில் உயர்பதவி வகிக்கும் கிறிஸ்ஜென் அவசரளா என்னும் இந்திய வமிசத்துப் பெண்ணாக அம்மையார் நடித்தார். பட்டுச் சேலையும் அணிகலனும் பூண்டு, எவர்க்கும் அஞ்சாத வசைநாவோடு உலவும் அப்பாட்டியார் பாத்திரம் அவருக்குப் புதிய தலைமுறை நேயரைத் தேடித்தந்தது.

முதற் பகுதியிலேயே அவசரளா பேரனோடு கொஞ்சி விளையாடக் காண்கின்றோம். சற்று நேரத்தில், எடையற்ற வெளியிற் பிறந்து வளர்ந்த கைதியொருவனை மண்ணுலகின் ஈர்ப்புவிசையாலேயே வதைத்து விசாரணை செய்யவுங் காண்கின்றோம். தீனாவிடம் கண்ட கலவையே இது: வீட்டில் அன்பு, வெளியிற் கொடுமை. குரலும் அதே கரகரத்த ஆழ்ந்த குரல். ஆனால் அவசரளாவைக் கண்டு, இந்தியப் பாட்டிமார் எல்லாரும் கொடியரென்று எவரும் முடிவு கட்டவில்லை. ஏன்? அவள் கொடுமைக்குக் காரணம் அவள் பதவியென்று கதை காட்டுகின்றது. பருவந்தோறும் அவளுக்குத் தவறவும், திருந்தவும், மகனை இழந்த துயரை நினைக்கவும் இடமளிக்கின்றது. தீனாவுக்கோ சில மணிநேரமே வாழ்வு. அவள் கொடுமைக்கு அவள் பிறப்பே காரணம்போல் விடப்பட்டது. தீய வேடத்தால் இனத்திற்கு இழுக்கு வருவதில்லை. தீய வேடமொன்றே கொடுத்து வேறெதுவும் கொடாமையால்தான் வருகின்றது என்பது இவ்விரு வேடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார்க்கு விளங்கும்.

குறையும் கூறவேண்டும். ஆழமற்ற கதைகளில் அம்மையாரின் குரலே பாத்திரத்தின் வேலை முழுவதையும் செய்துவிடுகின்றது. 2006 இல் வந்த 'எக்ஸ் மென்' படத்திற் கவிதா ராவ் என்னும் மருத்துவராக வந்தார். அங்கே பெயரும் குரலும் அன்றிப் பாத்திரமென ஒன்றில்லை. ஈரானியர் இந்தியராகலாம், குஜராத்தியத் தந்தைக்குப் பிறந்த பென் கிங்ஸ்லி ஈரானியப் பெஹ்ரானியாகலாம். கலையில் இதற்குத் தடையில்லை. கீழ்நாட்டார் எல்லாரும் ஒருவர்க்கொருவர் மாற்று என்னும் அலட்சியத்தால் அது நிகழுங்கால் மாத்திரமே கண்டிக்கத்தக்கது.

வாசகர்களே! அயல்நாட்டு நடிகையொருவரைப் பற்றி இவ்வளவும் எழுதியது அவர் புகழ் பாடுதற்கன்று. மேடையேறும் பெண்ணிடம் இனத்தின் மானத்தை ஒப்படைத்துவிட்டு, அவள் தவறினாளென்று கல்லெடுக்கும் பழக்கம் எங்கும் உளது. இனிப் படமோ தொடரோ கண்டு சினங்கொள்ளும்போது, அதனை எழுதியவர் யார், அதனால் ஊதியம் பெற்றவர் யார், அப்பெண்ணுக்கு வேறு வேடம் கொடுக்க மறுத்தவர் யார் என்று முதலிற் கேளுங்கள். அதன்பின் அவள் நடிப்பை அதன் தகுதி கொண்டே மதிப்பிடுங்கள்.