மைக்ரோ ஜீனியஸும் பாடபேதமும்: பழைய கேசட் விளையாட்டுகளை இன்று ஆடும் வழிகள் பற்றி ஒரு மதிப்பீடு

கடந்த தீபாவளி விடுமுறையில் அசாம் ஜாவா வீட்டில் நடந்த ஒரு சின்ன வாக்குவாதத்திலிருந்து தொடங்குகிறேன்.

சக ஆசிரியர் ஒருவர் இரவல் கொடுத்த புதிய விளையாட்டுப் பெட்டியைத் தொலைக்காட்சியில் மாட்டி, அம்மாவின் அலமாரியில் கிடந்த பழைய கேசட் ஒன்றைச் செருகினேன். சூப்பர் மரியோ இசை தொடங்கியதுதான் தாமதம், அடுப்படியில் முறுக்கு தின்றுகொண்டிருந்த அண்ணன் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "பாப்பா, இது டூப்ளிகேட்டு லா. ஒரிஜினல் சத்தம் இப்படி இருக்காது. ரொம்ப வேகமா வேற ஓடுது."

அந்தப் புதிய பெட்டி, 1983-இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியைக் கூடுமானவரை அப்படியே பின்பற்றும் பெட்டி. அண்ணன் 'ஒரிஜினல்' என்று மனத்தில் வைத்திருந்ததுதான் நகல்! எங்கள் லயத்து வீட்டில் இருந்தது மைக்ரோ ஜீனியஸ். தைவானின் டி.எக்ஸ்.சி. நிறுவனம் விற்ற, ஃபேமிகாமின் நகல். தோட்டத்தில் முதலில் கிராணி வீட்டுக்கு வந்தது. பிறகு அப்பா ஓவர்டைம் காசில் பாசார் மாலாமில் ஒன்று வாங்கினார். உண்மையான ஃபேமிகாமை எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலும் நான் கண்டதில்லை. 'நிண்டெண்டோ' என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. "மைக்ரோ ஜீனியஸ் ஆடலாம் வா" என்றுதான் கூப்பிடுவோம்.

அப்படியானால் அண்ணன் சொன்னது தவறா? சோதித்துப் பார்த்தேன். தவறில்லை. அவர் காது சரியாகத்தான் கேட்டது. முடிவைத்தான் தலைகீழாகச் சொன்னார். இது நம் வகுப்பறையில் நாம் 'பாடபேதம்' என்று சொல்லிக்கொடுக்கும் விஷயமே. அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் படிவம் 5 மாணவர்களுக்குக் கொட்டாவி வருகிறது. கேசட்டை வைத்துச் சொன்னால் வராது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் வேகம். ஜப்பானிய ஃபேமிகாம் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களைத் திரையில் வரையும். நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றியது பால் முறை (குடிக்கிற பால் இல்லை). அதில் நொடிக்கு 50 படம். மரியோ ஓடுவதும் ஆமை நகர்வதும் இசையின் தாளமும் படக் கணக்கில்தான் நடக்கும். ஆகவே 50 படத்தில் ஓடும் பெட்டியில் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகம். ஜப்பான் பிள்ளை 60 நொடியில் பார்த்ததை நாங்கள் 72 நொடியில் பார்த்தோம்.

இதில் நகல் செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் நிண்டெண்டோவே விற்ற பால் கருவியில் மையச் செயலியின் வேகம் 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஜப்பானிய மூலத்தில் அது 1.79. பால் நாடுகளுக்கான நகல் சில்லுகளிலோ 1.77. ஏனென்றால், ஜப்பானுக்கென்று எழுதிய கேசட் குழம்பாமல் ஓட வேண்டும். அதே நேரம் படம் நம் தொலைக்காட்சியிலும் தெரிய வேண்டும். அதனால் எங்களுக்குச் சுருதி ஏறத்தாழ மூலத்தின் சுருதியாகவும், தாளம் மட்டும் மெதுவாகவும் வந்தது. ஜப்பானிய கேசட்டைப் பொறுத்தவரை, நிண்டெண்டோவின் சொந்த ஐரோப்பியக் கருவியைவிட நகல் பெட்டி மூலத்துக்கு நெருக்கமாக இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். நகல் என்றாலே மட்டம் என்று எழுதும் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இரண்டாவது சத்தம். ஃபேமிகாமின் இசையில் இரண்டு குரல்கள் சதுர அலைகள். அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் 'மேலே' இருக்கிறது என்பதைப் பொறுத்துக் குரலின் நிறம் மாறும். கால் பங்கு என்றால் மெலிந்த, மூக்கால் பேசுகிற மாதிரி ஒலி. அரைப் பங்கு என்றால் உருண்டு திரண்ட ஒலி. பல நகல் சில்லுகளில் இந்தக் காலும் அரையும் இடம் மாறிவிட்டன. ஏடு எழுதியவர் 'ல'கரமும் 'ள'கரமும் மாற்றி எழுதியது போலத்தான். ராகம் அதேதான், பாடுகிறவர் வேறு. வருடக் கணக்கில் அந்தக் குரலிலேயே கேட்டு வளர்ந்த காதுக்கு, சரியான குரல்தான் போலியாகப் படுகிறது. அண்ணன் சொன்னது இதைத்தான்.

மூன்றாவது கேசட். இங்கே நகல் செய்தவர்கள் மீது எனக்கு இரக்கமில்லை. அலமாரியில் கிடந்த கேசட்டின் அட்டையில் ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக அச்சிட்டிருக்கும். உள்ளே எண்ணினால் ஒரு கை விரல்களே போதும். அதே கான்ட்ரா, ஆனால் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும். அதற்கு ஒரு தனிப் பெயர். அதே மரியோ, உயிர்களின் எண்ணிக்கை மட்டும் கூடுதல். அதற்கு இன்னொரு பெயர். தொடக்கத் திரையில் நிண்டெண்டோ, கொனாமி என்ற பெயர்களும் ஆண்டும் அழிக்கப்பட்டிருக்கும். இதை நம் மொழியில் இடைச்செருகல் என்போம். சுவடியின் கடைசியில் ஆசிரியர் பெயர் இருக்கும் ஓலையை உருவிவிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? யார் செய்த ஆட்டம் என்றே தெரியாமல் நாங்கள் பத்து வருஷம் ஆடினோம். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அதற்காக மூலம் என்பது ஒன்றே ஒன்றுதான் என்றும் எண்ணிவிடாதீர்கள். கான்ட்ராவையே எடுத்துக்கொள்வோம். 1988-இல் ஃபேமிகாமுக்கு வந்த ஜப்பானியப் பதிப்பில் முதல் கட்டத்துக் காட்டில் மரத்தின் ஓலைகள் ஆடும்; பனிக்கட்டத்தில் பனி பறக்கும்; கட்டங்களுக்கு இடையில் வரைபடம் வரும். கேசட்டுக்குள் கொனாமி தனியாக ஒரு சில்லு வைத்திருந்ததால் முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் விற்றதில் இவை ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே நிறுவனம் வெளியிட்டவை, இரண்டுமே அசல். எது மூலபாடம்? கம்பராமாயணத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் மிரளும் மாணவர், இங்கே கேட்டால் அரை மணி நேரம் சண்டை போடுகிறார். சண்டை போடட்டும்.

சரி, இன்று இவற்றை ஆடிப் பார்க்க என்ன வழி? நிண்டெண்டோ ஃபேமிகாம் தயாரிப்பை 2003-லேயே நிறுத்திவிட்டது. கருவியின் காப்புரிமைக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டதால், நகல் பெட்டி செய்து விற்பதில் தடையில்லை. ஆட்டங்களின் பதிப்புரிமை முடியவில்லை. பள்ளிக் கழகத்துக்கு வாங்கும் ஆசிரியர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது: பெட்டி வாங்கலாம்; ஆயிரம் ஆட்டம் அடைத்த கேசட்டை வாங்கி மாணவர் முன் வைத்தால், 'பார்த்து எழுதாதே' என்று நாம் சொல்வதற்கு மதிப்பிருக்காது. என் அலமாரி கேசட்டும் அந்த வகைதான். அதனால் அது வீட்டைத் தாண்டிப் பள்ளிக்கு வராது.

மிக மலிவானது, ஒரே சில்லில் முழு ஃபேமிகாமையும் அடக்கிய பெட்டி. பிரித்துப் பார்த்தால் பச்சைப் பலகையில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், அவ்வளவுதான். இணையத்தில் ஒன்று வாங்கினேன். சர்க்கஸ் சார்லியும் பேட்டில் சிட்டியும் நன்றாகவே ஓடின. ஆனால் இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் காசல்வேனியா 3 போன்ற, கேசட்டுக்குள் சிக்கலான துணைச் சில்லு வைத்த ஆட்டங்கள் ஓடுவதில்லை. என் பெட்டியின் பொத்தான்கள் மூன்றாம் மாதமே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. அது வேறு கதை. சுருக்க உரையை மட்டும் வாங்கிப் படிப்பது போன்றது இது. கதை தெரியும், தேர்வில் கொஞ்சம் ஆழமாகக் கேட்டால் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது, கேசட்டை வாசித்து அதன் உள்ளடக்கத்தைத் தன் நினைவகத்தில் படி எடுத்துக்கொண்டு, பிறகு மென்பொருளால் ஆட்டத்தை நடத்தும் பெட்டி. 2014-இல் ஹைப்பர்கின் வெளியிட்ட ரெட்ரான் 5 இந்த வகை. பல கருவிகளின் கேசட்டுகளை ஒரே பெட்டியில் செருகலாம், எச்.டி.எம்.ஐ. வழியாகப் படம் பளிச்சென்று வரும். வசதிதான். இருந்தாலும் எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. பார்ப்பதற்குக் கேசட்டிலிருந்து ஆடுவது போல இருக்கிறது. உண்மையில் ஆடுவது படியிலிருந்து. பழைய பல ஆட்டக் கேசட்டுகள் பலவற்றை இது ஏற்பதும் இல்லை. தோட்டத்து வீடுகளில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் அவைதானே?

மூன்றாவது வகைதான் அண்ணன் 'டூப்ளிகேட்டு' என்று சொன்னது. எஃப்.பி.ஜி.ஏ. என்னும் சில்லுக்குள் பழைய சில்லின் சுற்றுகள் செய்த வேலையை அப்படியே மறுபடி கட்டுகிறார்கள். 2016-இல் ரெட்ரோயு.எஸ்.பி. நிறுவனம் வெளியிட்ட ஏ.வி.எஸ். இந்த வகை, அதற்கு அடுத்த ஆண்டு வந்த அனலாக் என்.டி. மினியும் அப்படித்தான், ஆனால் வந்தபோது அதன் விலை 449 டாலர்! நம் சம்பளத்துக்குக் கட்டுபடியாகாது. இரண்டிலும் ஒரு நல்ல ஏற்பாடு, அமெரிக்க கேசட்டுக்கு 72 முனைத் துளையும் ஜப்பானிய கேசட்டுக்கு 60 முனைத் துளையும் தனித்தனியாக உண்டு. நம் மைக்ரோ ஜீனியஸ் கேசட்டுகள் 60 முனை. வாங்கும் முன் இதைப் பார்க்காமல் விட்டால், பிறகு இடைமாற்றி தேடி அலைய வேண்டும்.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால், நான் பதிப்பாசிரியர் பக்கம் சாய்வேன். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டுத் தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை மேலே வைத்தார். மற்றவற்றைத் தூக்கிப் போடவில்லை, பாடபேதம் காட்டினார். விளையாட்டுகளிலும் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். மிஸ்டர் என்ற எஃப்.பி.ஜி.ஏ. திட்டத்தின் அமைப்பில் ஜப்பான்–அமெரிக்க வேகம், ஐரோப்பிய வேகம் இரண்டோடு 'டெண்டி' என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. டெண்டி என்பது 1992 முதல் ரஷ்யாவில் விற்ற, தைவானில் செய்த நகல் பெட்டியின் பெயர். அந்தத் தேர்வுதான் பால் நாட்டு நகல் பெட்டிகளின் வேகம், அதாவது எங்கள் லயத்தின் வேகம். மெசன் என்ற கணினி மென்பொருளில் இன்னும் ஒருபடி மேலே போய், கால்–அரை குரல் மாற்றத்தையும் ஒரு குறியில் போட்டுக்கொள்ள வைத்திருக்கிறார்கள். நகலின் பிழையைப் பிழை என்று தெரிந்தே பதிவு செய்திருக்கிறார்கள்.

அன்று மாலை மடிக்கணினியில் அந்த இரண்டையும் மாற்றி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இசையை ஓடவிட்டேன். அண்ணன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆங், இதான் லா." நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன், அவர் கேட்கவில்லை, கான்ட்ராவைப் போடச் சொன்னார். அருவிக் கட்டத்தை உயிர் விடாமல் தாண்டினார். பிறகு ஜப்பான் வேகத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். அதே அருவியில் மூன்று உயிரும் போனது. இருபத்தைந்து வருஷமாகத் தாம் கெட்டிக்காரர் என்று நினைத்திருந்தவருக்கு ஆறில் ஒரு பங்கு தள்ளுபடி. கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

திறனாய்வு விடைத்தாள்களைத் திருத்தும்போது இரண்டு வகைத் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, 'இது தழுவல், ஆகவே தரம் குறைந்தது.' மற்றது, 'இது எனக்குப் பிடித்தது, ஆகவே சிறந்தது.' இரண்டிலும் எது எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்ற ஒரு வரி இருக்காது. அண்ணனாவது "வேகமா ஓடுது, சத்தம் வேற" என்று இரண்டு சான்று சொன்னார். அவருக்கு நான் பாதிக்கு மேல் மதிப்பெண் போடுவேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். டக் ஹண்ட் துப்பாக்கி எந்தப் புதிய தொலைக்காட்சியிலும் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த ஒளியைப் பிடிக்க வேண்டும். பழைய கனமான தொலைக்காட்சி வரையும் நேரக் கணக்கை நம்பிச் செய்த கருவி அது. புதிய தட்டைத் திரை படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டுவதால் வாத்து எப்போதும் தப்பித்துவிடும். புக்கிட் ரோத்தான் மாமா வீட்டில் பழைய தொலைக்காட்சி ஒன்று இன்னும் இருக்கிறது. மைக்ரோ ஜீனியஸ் பெட்டியை அடுத்த விடுமுறையில் அங்கே தூக்கிக்கொண்டு போவதாக இருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் பழைய கேசட் கிடந்தால், நாங்கள் செய்தது போல வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டுச் செம்பு முனைகள் கறுத்துவிடும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள்.