வேலை கொடுப்பவன் யார்?

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டில் என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நான் இங்கே சொல்லப்போவதும் வேலையைப் பற்றித்தான். விண்வெளி வாணிப விளையாட்டுகளில் ஆட்டக்காரனுக்குக் கிடைக்கிற வேலையைப் பற்றி.

என் தம்பி மகன் விடுமுறைக்கு வந்தபோது இந்தப் பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்துவிட்டுப் போனான். அவன் போய் எட்டு மாதமாகிறது, பழக்கம் போகவில்லை. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு சிறிய கப்பல் தருகிறார்கள். ஒரு கிரகத்தில் மலிவாக வாங்கிய சரக்கை இன்னொன்றில் லாபத்துக்கு விற்க வேண்டும். வழியில் கொள்ளைக்காரர்கள் உண்டு. பணம் சேர்ந்தால் பெரிய கப்பல். இடையிடையே, துறைமுகங்களில் ஒரு பலகையில் விளம்பரங்கள் வரும்: இந்தப் பொட்டலத்தை இன்ன இடத்தில் சேர், இந்தப் பிரயாணியை ஏற்றிப் போ, இன்ன கொள்ளைக்காரனைத் தீர்த்துக் கட்டு. இவற்றைத்தான் மிஷன் என்கிறார்கள். விளையாட்டில் கதை நுழையக்கூடிய ஒரே வாசல் இது என்பது என் அபிப்பிராயம். அந்த வாசலைப் பெரும்பாலோர் பாழாக்கியிருக்கிறார்கள் என்பதே என் குறை.

இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'எலீட்'. கேம்பிரிட்ஜில் மாணவர்களாக இருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர் பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறிய இயந்திரத்துக்காக எழுதி, 1984-இல் வெளிவந்தது. எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். கையில் 100 கிரெடிட்டோடு ஆரம்பிக்க வேண்டும். இத்தனை பெரிய உலகத்தில், வட்டில் வந்த பதிப்பிலே, மிஷன்கள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றில், திருடு போன ஒரு புதுவகைப் போர்க்கப்பலைத் தேடிப் பிடிக்கச் சொல்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் ஊர் ஊராகப் போகிறீர்கள். வழக்கமாகக் கிரகத்தின் வர்ணனை இருக்கும் இடத்தில், அந்தக் கப்பலைப் பற்றிய ஊர்ப்பேச்சு ஒரு வரி தென்படுகிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடம். மொத்தமும் நாலைந்து வாக்கியங்கள்தான். ஆனால் அதுவரை வெறும் விலைப்பட்டியலாக இருந்த கிரகங்கள் அன்றைக்கு ஒருவனைப் பார்த்த சாட்சிகளாகிவிடுகின்றன. நான் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தது இந்த நாலைந்து வாக்கியங்களுக்காகத்தான்.

1993-இல் வந்த இதன் இரண்டாம் பாகமான 'ஃப்ரான்டியர்' இன்னொரு நல்ல காரியம் செய்தது. அங்கே விளம்பரம் கொடுத்தவரின் முகம் திரையில் வரும். அவரிடம் கேள்வி கேட்கலாம். எப்போது சேர்க்க வேண்டும்? ஆபத்து உண்டா? எதற்கு இவ்வளவு பணம்? பதில்கள் அச்சில் வார்த்தவைதாம். இருந்தாலும் 'எதற்கு இவ்வளவு பணம்?' என்று கேட்கும் உரிமை இருக்கிறதே, அதைச் சாமானியமாக நினைத்துவிடக் கூடாது. கூலிக்காரனை மனிதனாக மதிக்கிற கேள்வி அது.

அதற்குப் பிறகு வந்த பல ஆட்டங்களில் எண்ணிக்கை பெருகியது, கேள்வி போய்விட்டது. பெயர்ப் பட்டியல் ஒன்று, சரக்குப் பட்டியல் ஒன்று, ஊர்ப் பட்டியல் ஒன்று. மூன்றையும் குலுக்கி எடுத்தால் ஒரு மிஷன். ஆயிரம் வேண்டுமானாலும் ஆயிரம். இதைச் செய்தவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைத்தவன் நான். கற்பனை வறண்டுபோன வாரங்களில் ஒரு தந்தி, ஒரு காய்ச்சல், ஒரு பழைய சிநேகிதன் என்று குலுக்கிப் போட்டு ஆறு பக்கத்தை நிரப்பியிருக்கிறேன். அந்த அத்தியாயங்களைப் பற்றி யாரும் புகார் எழுதவில்லை. யாருக்கும் அவை ஞாபகமும் இல்லை. இந்த மிஷன் பலகைகளுக்கு முன்னால் உட்கார்ந்தபோது என் பழைய பாவங்களே எனக்குச் சம்பளம் பேசுவதுபோல் இருந்தது.

ஆட்டக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 2014-இல் வந்த 'எலீட் டேஞ்சரஸ்' என்ற ஆட்டத்தில், பலகையில் நல்ல கூலி இல்லையென்றால், ஆட்டத்தைவிட்டு வெளியேறி வேறு வகையில் மறுபடி நுழைவார்கள். பலகை புதிதாக இருக்கும். வேண்டிய வேலை வரும்வரை இப்படியே செய்வார்கள். பிற்பாடு அந்த வழியை அடைத்தார்கள். ஆனால் ஆட்டக்காரன் ஏன் அப்படிச் செய்தான் என்பதல்லவா யோசிக்க வேண்டியது? அந்த விளம்பரத்துக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. மனிதர் இருக்கிற இடத்தில் இப்படிக் கதவைத் திறந்து திறந்து மூட நமக்குக் கூச்சமாக இருக்கும்.

குறை சொல்வது சுலபம். என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும்.

முதலாவது, வேலைக்கு முன்னால் தேவை இருக்க வேண்டும். 2018-இல் வந்த 'எக்ஸ்4' என்ற ஜெர்மானிய ஆட்டத்தில் ஒரு கப்பல் கட்ட வேண்டுமென்றால், அதற்கான சாமான்கள் உண்மையாகவே எங்கோ உற்பத்தியாகி வந்து சேர வேண்டும். வராவிட்டால் கட்டும் துறை காத்திருக்கும். இப்படிப்பட்ட பற்றாக்குறையிலிருந்து விளம்பரம் பிறந்தால், அதற்கு அர்த்தம் உண்டு. நான் தாமதித்தால் வேறொருவன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான், விளம்பரம் மறைந்துவிடும். நான் கொடுத்தால் துறை நகரத் தொடங்கும். என் கண்ணுக்கும் அது தெரியும். ஆனால் அந்த ஆட்டத்திலும் நான் ஏற்ற வேலைகள் பல அந்தத் தேவையிலிருந்து பிறந்தவையாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, வெற்றி தோல்வி என்ற இரண்டே முடிவு போதாது. பத்துப் பெட்டி மருந்தில் எட்டுப் பெட்டிதான் வந்து சேர்ந்தது, அதுவும் ஒருநாள் தாமதம் என்றால், வாங்குகிறவர் திட்டிக்கொண்டே கூலியைக் குறைத்துக் கொடுப்பார். எட்டுப் பெட்டியையும் வாங்காமல் 'தோல்வி' என்று எழுதிக் கதவை மூடுகிறவரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

மூன்றாவது, ஞாபகம். 1996-இல் மெக்கின்டாஷுக்கு வந்த 'எஸ்கேப் வெலாசிட்டி'யில் இரண்டு வகை வேலை உண்டு. துறைமுகக் கம்ப்யூட்டரில் வருவது சாதாரணச் சரக்குக் கூலி. மதுக்கடையில் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், அது வேறு மாதிரி. அதை ஒப்புக்கொண்டால், பின்னால் இன்னொன்று அதிலிருந்து வளரும். இந்தப் பாகுபாடு மிகவும் சரி. எல்லா வேலையும் கதையாக வேண்டியதில்லை. சிலது வெறும் கூலியாகவே இருக்கலாம். ஆனால் எது கூலி, எது கதை என்று ஆட்டக்காரனை ஏமாற்றக் கூடாது.

இதையெல்லாம் தம்பி மகனுக்குப் போனில் சொன்னேன். அவன் சிரித்தான். "பெரியப்பா, நாள் பூரா ஆபீஸில் மண்டையை உடைத்துக்கொண்டு வருகிறேன். ராத்திரி ஒரு மணி நேரம் பெட்டியை இங்கிருந்து அங்கே கொண்டுபோனால் மனசு லேசாகிறது. அங்கேயும் ஒருவன் வந்து தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டுமா?" என்றான்.

எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மாலை போட்டு ஜபம் பண்ணுகிறவரிடம் போய் 'ஒரே பெயரை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்' என்று கேட்க முடியுமா? ஆனால் இரண்டு நாள் கழித்து அவனே ஒரு விஷயம் சொன்னான்.

அவன் இப்போது ஆடுவது 'ஈவ் ஆன்லைன்'. 2003-இல் ஐஸ்லாந்துக்காரர்கள் ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் ஆடுகிறார்கள். அங்கே இயந்திரம் கொடுக்கும் மிஷன்களும் உண்டு. ஓர் ஆட்டக்காரர் இன்னொருவருக்குக் கொடுக்கும் வேலையும் உண்டு. எங்கிருந்து எங்கே, எத்தனை நாள், என்ன கூலி என்று எழுதி, ஜாமீன் தொகையும் குறிப்பிடுவார்கள். சரக்கைச் சேர்க்காவிட்டால் ஜாமீன் அனுப்பினவருக்குப் போய்விடும். இதிலும் மோசடி உண்டு. சரக்கின் மதிப்புக்கு மேல் ஜாமீன் வைத்து, வழியில் காத்திருந்து கப்பலை அழித்து, ஜாமீனை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சுமப்பவர்கள் கூலியை மட்டும் பார்ப்பதில்லை. கொடுக்கிற ஆள் யார், இதற்கு முன் எப்படி நடந்துகொண்டார் என்றும் விசாரிக்கிறார்கள்.

தம்பி மகன் ஒருவருக்குத் தொடர்ந்து சரக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தானாம். எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாது. இரண்டு வாரமாக அவர் வேலை எதுவும் போடவில்லையாம். "உடம்புக்கு என்னவோ என்று கவலையாக இருக்கிறது, பெரியப்பா" என்றான்.

அதே பெட்டி, அதே வழி. ஆனால் அவன் வேலை கொடுத்தவருக்காகக் கவலைப்படுகிறான். இயந்திரத்தால் அத்தனையும் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். அதில் காற்பங்கு செய்தால்கூட, நான் பத்து நாள் அந்தப் பலகைக்கு முன்னால் சந்தோஷமாக உட்காருவேன்.