முதற்பொருளும் பாடப்பொருளும்: பன்னாட்டு இடைநிலைக் கல்வியில் புவியியலும் வரலாறும் – சாத்தூரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஜெனீவாவில் 1968இல் நிறுவப்பட்ட பன்னாட்டு பாக்கலோரியட் அமைப்பு, 11 முதல் 16 வயது வரையிலான மாணவர்க்குரிய இடைநிலைக் கல்வித் திட்டத்தை 1994இல் தொடங்கியது. புவியியலும் வரலாறும் இதில் 'தனிமனிதரும் சமூகங்களும்' என்னும் ஒரே பாடத்தொகுதியில் அடங்குகின்றன. நிலத்தையும் பொழுதையும் ஒருசேர முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பிய மரபை அறிந்தோர்க்கு இவ்விணைப்புப் புதிதன்று. ஆயின், தொல்காப்பியம் நிலத்திலிருந்து தொடங்குகிறது. இத்திட்டமோ கருத்திலிருந்து தொடங்குகிறது. இவ்வேறுபாட்டின் விளைவு சாத்தூர்ப் பகுதியைக் கொண்டு இங்கு ஆராயப்படுகிறது.

கருத்துவழிக் கற்றல்

மாற்றம், அமைப்புகள், உலகளாவிய ஊடாட்டம், காலமும் இடமும் வெளியும் ஆகியவை இத்தொகுதியின் முதன்மைக் கருத்துகள். எவ்வூரை, எந்நிகழ்வைக் கற்பிப்பது என்பது பள்ளியின் தேர்வு. மனப்பாடத்திலிருந்து மாணவரை விடுவிப்பது இம்முறையின் சிறப்பு. எனினும் கருத்து முன்னரே முடிவாகிவிடுவதால், ஊர் அதற்குரிய சான்றாக மட்டும் சுருங்கக்கூடும். ஓர் ஊருக்கு மாற்றாக மற்றோர் ஊரை வைத்தாலும் விடை மாறாது என்ற நிலை எழுமாயின், அது புவியியலும் ஆகாது, வரலாறும் ஆகாது.

சாத்தூர் தரும் சான்றுகள்

கரிசல் வறண்டது, ஆகவே தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். வறட்சி நெடுங்காலமாக உள்ளது. தொழிலுக்கோ ஏறத்தாழ நூறாண்டே ஆகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் பயின்று திரும்பிய பின்னரே சிவகாசியில் அது வேரூன்றியது. உலர்த்துவதற்கு வெயில் துணைநின்றது. தொடங்கியது மனிதரின் முடிவு.

வைப்பாற்றங்கரையில் சாத்தூரை அடுத்துள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. கடற்பொருளான சங்கு உள்நாட்டுக் கரிசலை எட்டியிருப்பது, தொலைத்தொடர்பும் கைத்தொழிலும் இந்நிலத்திற்குப் பழையன என்பதைக் காட்டுகிறது. வறட்சி, உலகமயம் என்னும் இரு சொற்களால் இந்நிலத்தை விளக்கிவிட இயலாது.

சாத்தூர்த் தொகுதியிலிருந்து 1957, 1962 தேர்தல்களில் சட்டமன்றம் சென்றவர், பள்ளிகளையும் மதிய உணவையும் பரவலாக்கிய காமராசர். அதே பகுதியின் சிறார் பின்னரும் தீப்பெட்டி ஆலைகளுக்குச் சென்றனர். பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' அவ்வாழ்வையே பேசுகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்து பலரின் உயிரைப் பறித்தது. 'நியாயமும் வளர்ச்சியும்' என்பதையும் இத்திட்டம் ஓர் உலகளாவிய சூழலாக வகுத்துள்ளது. பள்ளி இருந்தும் சிறுவர் ஆலைக்குச் சென்றது ஏன், ஆபத்து அறிந்தும் தொழிலாளர் அத்தொழிலில் நீடிப்பது ஏன் என்னும் வினாக்கள் இன்றி அத்தொடர் வெறும் தலைப்பாகவே நிற்கும்.

முடிவுரை

இத்திட்டம் உள்ளூரைக் கற்பிக்கத் தடையிடவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. எனவே பொறுப்பு ஆசிரியரைச் சார்கிறது. வைப்பாறு, 1922ஆம் ஆண்டுப் பயணம், ஆலைக்குச் சென்ற சிறார் ஆகியவற்றை முதலில் கற்று, அவற்றிலிருந்து மாற்றம் என்னும் கருத்தை மாணவர் தாமே வருவிக்க வேண்டும். அங்ஙனம் வருவித்த கருத்தைக் கொண்டு அவர் பிற நாடுகளையும் ஒப்பிட்டு அறியலாம். முதற்பொருளைப் பின்னுக்குத் தள்ளும் பாடம், தன் ஊரையே மாணவர்க்கு அயலாக்கிவிடும்.