பிக்கியின் பெயர் என்ன?

வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ (1954) பற்றிப் பேசும்போதெல்லாம் ரால்ஃப் என்றால் ஜனநாயகம், ஜாக் என்றால் சர்வாதிகாரம் என்று பிரித்துவிடுகிறோம். எனக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது.

தீவில் நடக்கும் முதல் துரோகம் ரால்ஃபுடையது. பள்ளியில் தன்னை ‘பிக்கி’ன்னு கூப்பிடுவாங்க, யாருகிட்டயும் சொல்லிடாதே என்று அந்தக் குண்டுப் பையன் கெஞ்சுகிறான். முதல் கூட்டத்திலேயே ரால்ஃப் அதைப் போட்டு உடைக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அறிமுகமே இல்லாத பையன்கள் அந்தச் சிரிப்பில்தான் ஒரு கூட்டமாகிறார்கள். ஒருவன் மட்டும் வெளியே. தலைவர் தேர்தல் அதற்குப் பிறகுதான்.

சங்கு ஊதி எல்லோரையும் கூட்டலாம் என்ற யோசனை பிக்கியுடையது. தீ மூட்டிய கண்ணாடி அவனுடையது. வாக்கு விழுந்தது ரால்ஃபுக்கு.

ஒருவனை வெளியே தள்ளிக் கூட்டம் சேர்க்கும் அந்த வித்தையை ஜாக் கண்டுபிடிக்கவில்லை, வளர்த்தெடுத்தான். முதலில் அடி, ஒரு சில்லு உடைகிறது. பிறகு கண்ணாடியே பறிபோகிறது. கடைசியில் ரோஜர் உருட்டிவிடும் பாறை. பிக்கியோடு சங்கும் நொறுங்குகிறது. கோல்டிங் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒரு பட்டப்பெயர் எதுவரை போகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

முடிவில், மீட்க வந்த அதிகாரியின் முன் ரால்ஃப் பிக்கிக்காக அழுகிறான். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அப்போதும் அவனுக்குத் தெரிந்தது பட்டப்பெயர் மட்டும்தான். முதல் நாள் ஒவ்வொருவனிடமும் போய்ப் பெயர் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளப் பார்த்தவன் பிக்கி. அவன் பெயரை யாருமே கேட்கவில்லை.