வெந்த பூட்ஸும் ஒரு விருந்தும்

துயரமான விஷயங்களைத் தொட்டு ஹாஸ்யம் செய்யலாமா என்று தர்க்கிப்பவர்கள், சார்லி சாப்ளின் 1925-இல் வெளியிட்ட ‘தி கோல்டு ரஷ்’ படத்தில் பூட்ஸ் தின்னும் காட்சியை ஒரு தரம் பார்த்துவிட்டு விவாதத்தைத் தொடர்வது உத்தமம். 1846-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஸியரா நெவாடா மலைப்பனியில் சிக்கி, தோல் செருப்பையும் கடைசியில் மாண்டவர்களின் மாமிசத்தையுமே தின்ன நேர்ந்த யாத்திரிகர்களின் சரித்திரமே அதற்கு வித்து என்று சாப்ளின் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

படத்தில் சாப்ளினே ஏற்று நடித்த நாடோடி, பனிக்குடிசையில் பசியால் வாடி, தன் பூட்ஸையே பதமாக வேகவைத்து, தட்டில் பரிமாறி, கயிற்றை முள்கரண்டியில் சுற்றிச் சுற்றி வாயிலிட்டு, ஆணிகளைக் கோழி எலும்பெனச் சப்பி, ராஜவிருந்தின் சம்பிரதாயம் எதிலும் குறைவைக்காமல் உண்ணும்போது, நம் சிரிப்பு அவனுடைய பசியைத் தாண்டி, பசியாலும் பறிக்கமுடியாத அவனது கௌரவத்தில் போய் நிற்கிறது. படப்பிடிப்புக்காக அந்தப் பூட்ஸை அதிமதுர மிட்டாயால் செய்தார்கள். ஆனால் அதைத் தின்றவரோ, பால்யத்தில் லண்டன் அநாதை விடுதிகளில் நிஜமான வறுமையை ருசித்தவர்.

அவரே 1940-இல் ஹிட்லரைப் பரிகசித்து ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுத்தார். வதைமுகாம்களின் பயங்கரம் அப்போதே முழுமையாகத் தெரிந்திருந்தால் அதை எடுத்திருக்கவே முடியாதென்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆகவே ஹாஸ்யத்துக்கு எல்லையே இல்லையென்று நான் வாதாடமாட்டேன். அந்த எல்லையை வகுக்கும் அதிகாரம், துயரத்தை உள்ளிருந்து அறிந்த கலைஞனின் மனச்சாட்சிக்கே உரியது என்பேன்.