முன்பின் அறியாத இரண்டு த்ரெட்கள்

ஒரு கவுன்ட்டர், பூஜ்யத்தில் நிற்கிறது. ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு த்ரெட்கள் ஆளுக்கொரு முறை அதில் ஒன்றைக் கூட்டுகின்றன. விடை 2. ஆயிரம் தடவை ஓட்டினாலும் 2தான் வரும். ஆனால் என்றோ ஒரு பின்னிரவில் 1 என்று வந்து நிற்கும். நாம் ஒரே வரியாக எழுதும் கூட்டல், உள்ளே மூன்று வேலை: எடு, கூட்டு, வை. ஒரு த்ரெட் எடுத்து வைப்பதற்குள் மற்றதும் அதே பழைய பூஜ்யத்தை எடுத்துவிட்டால் ஒரு கூட்டல் தொலைந்தது. தேடலாம் என்று நடுவில் ஒரு பிரிண்ட் போட்டால், அது பிடிக்கும் நேரத்திலேயே பிழை ஒளிந்துகொள்ளும்.

அதனால்தான் கூகுளில் பிறந்த த்ரெட்சானிட்டைசர் என்ற கருவியை அலுக்காமல் ரசிக்கிறேன். அது விடையைப் பார்ப்பதே இல்லை. 2 என்று சரியாக வந்த ஓட்டத்திலேயே பிழையின் மேல் கை வைத்துவிடும்.

அதன் வேர் 1978-இல் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. எது முதலில் நடந்தது என்பதற்குக் கடிகாரம் வேண்டாம், காரணம் போதும் என்று காட்டினார் அவர். ஒரு த்ரெட் விட்ட லாக்கை (ஒரு சமயம் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டை) இன்னொன்று எடுத்தால் அங்கே முன்பின் உண்டு. ஒன்று மற்றதைத் தொடங்கிவைத்தாலும் உண்டு. இந்தக் கருவி நினைவகத்தின் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு நிழல் வைத்திருக்கிறது. அண்மையில் தொட்டது யார், படிக்கவா எழுதவா, அந்த த்ரெட்டின் சொந்தக் கணக்கில் அது எத்தனையாவது கணம் என்று நிழலில் பதியும். அடுத்து தொடுகிறவரை அதோடு ஒப்பிடும். ஒருவராவது எழுதியிருந்து, இருவருக்கும் இடையே முன்பின் இல்லை என்றால் அதுதான் ரேஸ்.

அறிக்கையும் அழகு. இரண்டு த்ரெட்களும் எந்த ஃபங்ஷன் வழியாக, எந்த வரிக்கு வந்தன என்று அடுத்தடுத்து எழுதித் தரும். ஓட்டம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும். கொடுக்கத் தகுந்த விலை.

ஆனால் ஓடாத வழியை இந்தக் கருவி அறியாது. லாக் போட்டுப் படித்து, விட்டு, மறுபடி லாக் போட்டு எழுதினாலும் வாய் திறக்காது. முன்பின் ஒழுங்காக இருக்கிறதே! கூட்டல் மட்டும் இன்னமும் தொலையும். அங்கே மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் செஸ் மாதிரியான கருவி வேண்டும். எந்த த்ரெட் எப்போது ஓடுவது என்ற பொறுப்பையே கையில் எடுத்துக்கொண்டு, லாக்கை விட்ட அந்த இடைவெளியில் வேண்டுமென்றே ஆளை மாற்றிப் பார்க்கும் அது. பின்னிரவில் வந்த அந்த 1, பட்டப்பகலில், கேட்டபோதெல்லாம் வரும்.